பின்னால் மோதியவர் மீதே எஃப்.ஐ.ஆர்.; இழப்பீடு கேட்க வழியே இல்லையா?

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். எனக்கு வயது 38. விருதுநகர் மாவட்டத்தில் சிறிய வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். நான்கு மாதங்களுக்கு முன்பு சென்னையில் ஒரு திருமணத்திற்காக நானும் என் மனைவியும் காரில் கிளம்பினோம். நானே ஓட்டினேன். அதிகாலை நான்கு மணி அளவில் பெரம்பலூரைத் தாண்டிச் சென்றபோது, நெடுஞ்சாலையின் இடது ஓரத்தில், பாதி உடல் சாலைக்குள் இருக்கும்படி ஒரு லாரி விளக்கு ஏதும் இல்லாமல் நின்றிருந்தது. கிட்டே போன பிறகுதான் தெரிந்தது. பிரேக் பிடித்தும் மோதிவிட்டது. எனக்கு வலது தொடை எலும்பு முறிந்து ராடு வைத்திருக்கிறார்கள். மனைவிக்குக் காறை எலும்பும் இரண்டு விலா எலும்புகளும் முறிந்தன. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது லாரி டிரைவர் கொடுத்த புகாரின்பேரில் என் மீதே எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். "கோர்ட்டில் ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டால் முடிந்துவிடும்" என்று ஸ்டேஷனில் சொல்கிறார்கள். லாரி முதலாளியின் ஆள் 75,000 ரூபாய் தருவதாகவும், ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் கேட்கிறார். ஆஸ்பத்திரியில் அறிமுகமான ஒருவர், வரும் தொகையில் 30 சதவீதம் கொடுத்தால் வக்கீல் வைத்துக் கேஸ் நடத்தித் தருவதாகச் சொல்கிறார். பின்னால் போய் மோதியவன் நான்தான் என்பதால் எதுவும் கிடைக்காது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம். நீங்களும் தங்கள் துணைவியாரும் உயிரோடு மீண்டது முதல் ஆறுதல். உங்கள் கடிதத்தில் மூன்று பேர் மூன்று யோசனைகள் சொல்லியிருக்கிறார்கள். மூன்றையும் நீங்கள் ஏற்கக்கூடாது என்பதே என் கருத்து. எல்லாவற்றிலும் அவசரமானது ஸ்டேஷனில் சொன்ன யோசனை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அந்த வழக்கு அன்றைக்கே முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒப்புதல் உங்கள் இழப்பீட்டு மனுவைப் பின்தொடர்ந்து வரும். "மனுதாரரே தன் தவற்றை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தியிருக்கிறார்" என்று லாரியின் இன்சூரன்ஸ் நிறுவனம் அந்தத் தீர்ப்பின் நகலை முதல் சான்றாவணமாகத் தாக்கல் செய்யும். அது ஒன்றே உங்கள் மனுவைத் தோற்கடித்துவிடும் என்று சட்டம் சொல்லவில்லை. இருந்தாலும், அதன் பிறகு வரும் ஒவ்வொரு சாட்சியையும் அந்தக் காகிதத்தைத் தாண்டித்தான் நீங்கள் நம்பவைக்க வேண்டியிருக்கும். அபராதத் தொகை சிறியதாக இருப்பதால் பலர் இந்த இடத்தில் ஏமாந்துபோகிறார்கள். சம்மன் வந்தால் நீதிமன்றத்திற்குத் தவறாமல் செல்லுங்கள். ஆனால் ஒரு வழக்கறிஞரைக் கலந்து பேசாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, எஃப்.ஐ.ஆர். உங்கள் மீது இருப்பதாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். முதல் தகவல் அறிக்கை என்பது முதலில் வந்தவர் சொன்ன தகவல், அவ்வளவுதான். நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எழுந்து நடமாட முடிந்தவர் லாரி டிரைவர். எனவே அவருடைய வாய்மொழியே "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற வழக்கமான வாசகத்தோடு பதிவாகியிருக்கிறது. குற்றவியல் வழக்கில் தேவைப்படும் ஐயத்திற்கு இடமில்லாத நிரூபணம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு என்பதே அங்கே அளவுகோல் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது.

பின்னால் மோதியவர்தான் எப்போதும் குற்றவாளி என்பதும் சட்டமன்று. பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ இடையூறோ நேரும்படி வாகனத்தை நிறுத்தி வைக்கக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 122ஆவது பிரிவு சொல்கிறது. நடுச்சாலையில் எச்சரிக்கை விளக்கு ஏதுமின்றி நிறுத்தப்பட்ட ஒரு டேங்கர் லாரியின் மீது கார் மோதிய வழக்கில், கார் ஓட்டியவர் மீதும் பாதிப் பொறுப்பைச் சுமத்திய உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2018இல் ரத்து செய்து, முழுப் பொறுப்பும் டேங்கருடையதே என்றது. நம் ஊர் வழக்கு ஒன்றும் உண்டு. 2017 ஜனவரியில் கோவையில் முன்னே போன கார் நெடுஞ்சாலையில் திடீரென நிறுத்தப்பட்டதால், பின்னால் பைக்கில் வந்த பொறியியல் மாணவர் அதில் மோதி விழுந்து, பின்தொடர்ந்து வந்த பேருந்தில் சிக்கி ஒரு காலை இழந்தார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தப் பொறுப்பைக் காருக்கு 50, பேருந்துக்கு 30, மாணவருக்கு 20 சதவீதம் என்று பிரித்தது. பின்னால் மோதியவரின் பங்கு அங்கே ஐந்தில் ஒன்றுதான்.

ஆனால் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரவில் ஓட்டும்போது முகப்பு விளக்கின் வெளிச்சம் எட்டும் தூரத்திற்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில்தான் வந்திருக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதிடும். இத்தகைய வழக்குகளில் தீர்ப்பாயங்கள் ஓட்டுநர் மீதும் ஒரு பங்கைச் சுமத்துவது அடிக்கடி நடப்பதுதான். அந்தப் பங்கு எவ்வளவோ அவ்வளவு சதவீதம் உங்கள் மொத்த இழப்பீட்டிலிருந்து கழிக்கப்படும். எனவே உங்கள் வழக்கு முழுக்க அந்தப் பங்கை எவ்வளவு குறைக்க முடியும் என்பதைப் பொறுத்தது. அதைத் தீர்மானிப்பவை சாலையில் அன்று இருந்த தடயங்கள்.

இங்கே என் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு இதேபோன்ற ஒரு வழக்கில், லாரியில் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டியிருந்ததாக மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் இருந்தது. நாங்கள் ஏறக்குறைய நம்பிக்கை இழந்திருந்தோம். சம்பவ இடத்தில் இளநீர் விற்பவர் ஒருவர் விடிந்ததும் தன் கைப்பேசியில் எடுத்திருந்த படம் பிறகு கிடைத்தது. பின்பக்கத்து தார்ப்பாய் அவிழ்ந்து தொங்கி ஒளிர்பட்டையையும் வலப்பக்க விளக்கையும் மூடியிருந்தது. இடப்பக்க விளக்கின் மேல் செம்மண் சேறு காய்ந்து அப்பியிருந்தது. லாரிக்குப் பின்னால் ஒரு கல்லோ மரக்கிளையோ கூட வைக்கப்பட்டிருக்கவில்லை. பட்டை ஒட்டப்பட்டிருந்தது என்பது உண்மை; அது யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது என்பதும் உண்மை. அந்த ஒரு படம் வழக்கின் போக்கையே மாற்றியது.

ஆகவே இந்த வாரத்திலேயே யாரையாவது சம்பவ இடத்திற்கு அனுப்புங்கள். பக்கத்தில் டீக்கடையோ பெட்ரோல் பங்க்கோ இருந்தால் விசாரிக்கச் சொல்லுங்கள். கண்காணிப்புக் கேமரா பதிவுகள் பெரும்பாலும் சில வாரங்களில் அழிந்துவிடும் என்பதால் நான்கு மாதங்களுக்குப் பிறகு அவை கிடைப்பது கடினம். ஆனால் மக்கள் கைப்பேசியில் எடுத்த படங்கள் அவ்வளவு சீக்கிரம் அழிவதில்லை. உங்களைத் தூக்கியவர்கள், 108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள், நெடுஞ்சாலை ரோந்து வாகனத்தில் வந்தவர்கள் ஆகியோரின் பெயர் விவரங்களைத் தேடுங்கள். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம், இரு வாகனங்களுக்குமான மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் சாலை விபத்து ஆவணங்களைப் பதிவிறக்கும் வசதி உண்டு. வரைபடத்தில் லாரியின் வலப்பக்கச் சக்கரம் வெள்ளைக்கோட்டிற்கு உள்ளே எத்தனை அடியில் இருந்ததாகக் காட்டியிருக்கிறார்கள் என்பதைக் கட்டாயம் பாருங்கள். சாலைக்குள் நின்றிருந்ததை அந்தப் படமே ஒப்புக்கொண்டிருந்தால் பாதி வேலை முடிந்தது.

அதோடு, நடந்ததை நீங்களே எழுதி, பதிவுத் தபாலில் அந்தக் காவல் நிலைய ஆய்வாளருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் புகாராக அனுப்புங்கள். நடவடிக்கை இல்லையென்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம். எஃப்.ஐ.ஆர். மாறாவிட்டாலும் உங்கள் தரப்பு உரிய காலத்தில் பதிவாகியிருக்கிறது என்பதற்கு அந்தத் தபால் ரசீது சாட்சியாக நிற்கும்.

இப்போது காலக்கெடு. விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டிருக்கின்றன என்றாலும், அவற்றை நம்பி நீங்கள் காத்திருக்கக்கூடாது. உங்களுக்கு இன்னும் இரண்டு மாதமே இருக்கிறது. காவல்துறை 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்திற்கு அனுப்ப வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. அனுப்பினார்களா என்று கேளுங்கள், ஆனால் அதை நம்பி உங்கள் மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். மனுவிற்காகப் பெரம்பலூருக்கு அலைய வேண்டியதும் இல்லை. மனுதாரர் வசிக்கும் இடத்திலுள்ள தீர்ப்பாயத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பதால் உங்கள் மாவட்ட நீதிமன்றமே போதும். லாரியின் இன்சூரன்ஸ் நிறுவனம் எது என்பதை அதன் பதிவெண்ணை வைத்து எம்பரிவாகன் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

தங்கள் துணைவியாரின் மனுவைத் தனியாகத் தாக்கல் செய்யுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அவர் காரில் பயணி. விபத்தில் அவருடைய தவறு என்று எதுவும் இல்லை. இரண்டு வாகனங்களின் கவனக்குறைவும் சேர்ந்து மூன்றாவது ஒருவருக்குக் காயம் நேர்ந்தால், அவர் முழுத் தொகையையும் இரண்டில் எந்தத் தரப்பிடமிருந்தும் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே உங்கள் மீது எத்தனை சதவீதப் பொறுப்பு விழுந்தாலும் அவருடைய இழப்பீட்டில் ஒரு ரூபாயும் குறையாது. அவருடைய மனுவில் லாரி உரிமையாளர், லாரியின் இன்சூரன்ஸ் நிறுவனம், கார் உரிமையாளரான நீங்கள், உங்கள் காரின் இன்சூரன்ஸ் நிறுவனம் ஆகிய அனைவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். மனைவி கணவர் மீதே வழக்குப் போடுவதா என்று குடும்பத்தில் யாரும் மனம் வருந்த வேண்டாம்; பணம் கொடுக்க வேண்டியது இன்சூரன்ஸ் நிறுவனம். ஆனால் உங்கள் கார் பாலிசி முழுமையான பேக்கேஜ் பாலிசியாக இருந்தால்தான் காரில் பயணம் செய்தவருக்கு அது பொருந்தும். வெறும் மூன்றாம் நபர் பாலிசி என்றால் லாரித் தரப்பை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். அவர் சம்பளத்திற்குப் போகாத இல்லத்தரசி என்றாலும், வீட்டு வேலைக்கும் பண மதிப்பு உண்டு என்பதை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது தெரிந்தால்தான் 75,000 ரூபாய் எவ்வளவு சிறியது என்பது புரியும். உங்கள் மாத வருமானம் 25,000 ரூபாய் என்றும், காயத்தால் உங்கள் சம்பாதிக்கும் திறன் 20 சதவீதம் குறைந்துவிட்டது என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில் செய்பவருக்கு 40 வயதுக்குள் எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017இல் வந்த பிரணய் சேத்தி வழக்குத் தீர்ப்பு. காயமடைந்தவர்களுக்கும் இது பொருந்தும். அப்போது மாதம் 35,000, ஆண்டுக்கு 4,20,000. ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பதை வயதுதான் தீர்மானிக்கிறது; 36 முதல் 40 வயது வரை அந்தப் பெருக்கு எண் 15 என்பது 2009ஆம் ஆண்டின் சர்லா வர்மா வழக்குத் தீர்ப்பு. பெருக்கினால் 63 லட்சம். அதில் 20 சதவீதம் 12,60,000 ரூபாய். உங்கள் மீது 40 சதவீதப் பொறுப்பு விழுந்தாலும் 7,56,000 ரூபாய் மிஞ்சும். மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், வலிக்கும் வேதனைக்குமான தொகை, உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, போக்குவரத்து, சத்தான உணவு, பிற்காலத்தில் அந்த ராடை எடுப்பதற்கான அறுவை சிகிச்சைச் செலவு எல்லாம் தனித்தனித் தலைப்புகள். அவையும் அதே விகிதத்தில் குறைந்தாலும் கிடைக்கும். மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டியும் உண்டு. நம் மாநிலத்தில் அது வழக்கமாக ஆண்டுக்கு 7.5 சதவீதம்.

ஆனால் இந்தக் கணக்கு தானாக வந்துவிடாது. ஊனம் 20 சதவீதம் என்று மருத்துவக் குழு சான்று கொடுத்தால், ஒரு சதவீதத்திற்கு இத்தனை ஆயிரம் என்று மொத்தமாக ஒரு தொகையை நிர்ணயித்துவிடும் வழக்கமும் நம் தீர்ப்பாயங்களில் உண்டு. சதவீதத்திற்கு 5,000 ரூபாய் என்று வைத்தாலும் அது ஒரு லட்சம்தான். பன்னிரண்டரை லட்சத்திற்கும் ஒரு லட்சத்திற்கும் உள்ள இடைவெளியை நிரப்புவது, காயம் உங்கள் தொழிலை எப்படிப் பாதித்தது என்ற சாட்சியம். உடலின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு என்றும், ஒரே காயம் ஓட்டுநரையும் அலுவலக எழுத்தரையும் ஒரே மாதிரி பாதிக்காது என்றும் 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக விளக்கியிருக்கிறது. நீங்கள் வெல்டர். கேட் அடிக்கும்போது தரையில் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். ஷெட் வேலைக்குச் சாரத்தில் ஏறி நின்று ஒரு கையால் பிடித்துக்கொண்டு பற்றவைக்க வேண்டும். தொடை எலும்பில் ராடு இருக்கும் காலோடு இவற்றில் எது முடிகிறது, எது முடியவில்லை என்பதை மருத்துவரிடமும் தீர்ப்பாயத்திலும் இப்படியே விவரமாகச் சொல்லுங்கள். உதவிக்குக் கூடுதலாக ஆள் வைத்திருந்தால் அவருக்குக் கொடுக்கும் கூலியைக் கணக்கெழுதி வையுங்கள்.

வருமானத்திற்கு வருமானவரிக் கணக்கு இருந்தால் நல்லது. இல்லையென்றால் பட்டறையின் மின்கட்டண ரசீதுகள், இரும்பு, வெல்டிங் ராடு வாங்கிய பில்கள், வங்கிக் கணக்கு, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, உங்களிடம் வேலை கொடுத்தவர்களின் சாட்சியம் ஆகியவை உதவும். விபத்துக்குப் பிறகு அவசரமாகப் பழைய ஆண்டுகளுக்குப் பெரிய வருமானம் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்யாதீர்கள். குறுக்கு விசாரணையில் அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அந்த நிறுவனம் அசல் பில்களை வாங்கிக்கொள்ளும். கொடுப்பதற்கு முன்பே மருத்துவமனை முத்திரையிட்ட நகல் தொகுப்பு ஒன்றை வாங்கி வையுங்கள்.

லாரி முதலாளியின் ஆள் நீட்டும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். "எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வாசகம் அதில் எங்கோ ஓரிடத்தில் இருக்கும். இன்சூரன்ஸ் நிறுவனமே முறைப்படி சமரசத் தொகை தருவதாகச் சொன்னாலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். யார் தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்திற்கு இரண்டரை லட்சம் ரூபாய் தரும் 164ஆவது பிரிவு ஒன்று உண்டு. அதை ஏற்றுக்கொண்டால் 166ஆவது பிரிவின்கீழ் உள்ள உங்கள் பெரிய மனு காலாவதியாகிவிடும். சாட்சியம் எதுவுமே தேறவில்லை, பொறுப்பு முழுக்க உங்கள் தலையில் விழும் என்று வழக்கறிஞர் கருதினால் இந்தப் பிரிவு கைகொடுக்கும். தடயங்களைத் தேடிப் பார்ப்பதற்கு முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டாம். சமரசம் பேசுவதாக இருந்தால் ஊனச் சான்று கைக்கு வந்த பிறகு, தீர்ப்பாயத்தின் முன்போ மக்கள் நீதிமன்றத்திலோ பேசுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் ஏற்றுக்கொண்டதற்கு மேல்முறையீடு இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

உங்கள் காரின் சேதம் வேறு விஷயம். அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேக்கேஜ் பாலிசி இருந்தால் தவறு யாருடையது என்றாலும் உங்கள் நிறுவனமே தர வேண்டும். பழுதுபார்ப்புச் செலவு பாலிசியில் குறித்த காரின் காப்பீட்டு மதிப்பில் (ஐ.டி.வி.) 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, மரணத்திற்கும் கை, கால், கண் இழப்பு போன்ற நிரந்தர ஊனத்திற்கும்தான். எலும்பு முறிவுக்கு அதை எதிர்பார்க்க முடியாது. உங்கள் சொந்த பாலிசித் தொகையை நிறுவனம் மறுத்தால், முதலில் அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, ஒரு மாதத்தில் தீர்வு வராவிட்டால் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். 50 லட்சம் வரை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

கடைசியாக, அந்த 30 சதவீதக்காரர். கிடைக்கும் தொகையில் பங்கு பேசிக்கொள்வதை இந்திய பார் கவுன்சில் விதிகள் வழக்கறிஞர்களுக்குத் தடை செய்கின்றன. ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும் தடைதான். மருத்துவமனைக் கட்டிலருகே வந்து வெற்று வக்காலத்திலும் காசோலையிலும் கையெழுத்து வாங்கிப் போனவர்களால் பாதிக்கப்பட்ட குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; என் தொழிலில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். கட்டணத்தை முன்கூட்டியே ஒரு தொகையாகப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். தொகை உங்கள் வங்கிக் கணக்கிலேயே வர வேண்டும். பாஸ்புக்கையும் காசோலைப் புத்தகத்தையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். பெண்கள் என்றால் வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆகவே தங்கள் துணைவியாரின் பெயரில் உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது இருவருடைய டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், எக்ஸ்ரே படங்கள், இரு வாகனங்களின் பதிவெண்கள், உங்கள் ஓட்டுநர் உரிமம், கார் பாலிசி ஆகியவற்றை ஒரே கோப்பில் கொண்டு செல்லுங்கள். அதில் துணைவியாரின் ஆவணங்கள் தனி உறையில் இருக்கட்டும்.